மிதந்த உப்பு

எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு கோடைகாலம் முழுக்க ஆற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். பைத்தியம் ஒன்றும் இல்லை. நாஞ்சில்நாடு முழுவதும் உப்புக் கரிக்கப்போகிறது என்பது அன்றைக்கு எனக்கும் என் மாமாவுக்கும் மட்டும்தான் தெரியும். மாமா நிம்மதியாகத் தூங்கி எழுந்தார். ஆகவே இரண்டு பேருக்குமான கவலையை நான் ஒருத்தியே பட வேண்டியதாகிவிட்டது.

கவலைப்படுவது எனக்கு அப்போதே கைவந்த தொழில். மழை பெய்தால் கூரை போய்விடுமோ என்று பயம். பெய்யாவிட்டால் கிணறு போய்விடுமோ என்று பயம். பசு கன்று போடும்வரை எனக்குத்தான் வயிறு வலிக்கும். பள்ளிக்கூடத்தை நாலாம் வகுப்போடு விட்டவள் நான். இந்தப் படிப்பை மட்டும் இன்றுவரை விடவில்லை.

எங்கள் ஊர் பூதப்பாண்டிக்கு வடக்கே. மலை இறங்கி வந்து, இனி நடக்க முடியாது என்று காலை நீட்டி உட்கார்ந்த இடம் என்று வையுங்கள். வடக்கே மலை, தெற்கே வயல், அந்த வயலுக்குத் தெற்கேயும் வயல், அப்புறம் கடல். சர்க்கார் கணக்கில் மலை மகாராஜாவுக்குச் சொந்தம். ஊர்க்கணக்கில் அது காணிக்காரர்களுடையது. எங்கள் ஆட்கள் ஏரும் மாடுமாக வந்து சேருவதற்கு முன்னாலேயே அடிவாரம்வரைக்கும் காடு வெட்டித் தினை விதைத்திருந்தவர்கள் அவர்கள்தான் என்று எங்கள் ஊரில் எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொள்ளாமல் முடியாது, வயல்களில் பாதிக்கு இன்னும் அவர்கள் வைத்த பெயர். கரடிமடை என்று ஒரு மடை. அங்கே கரடியைப் பார்த்தவர் ஊரில் யாருமில்லை. தேன்பாறைப்பத்து என்று ஒரு வயல். பாறையும் இல்லை, தேனும் இல்லை, சேறுதான் உண்டு. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பெயருக்குரிய கரடி திரும்பி வந்துவிடுமோ என்று நான் ஓட்டமாக ஓடுவேன்.

பின்னால் வந்தவர்கள் முன்னால் இருந்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் தண்ணீரைத் தொட வேண்டும் என்பது எங்கள் ஊர் முறை. அதனால் வருஷா வருஷம் கன்னிப்பூ என்கிற முதல் போக விதைப்புக்கு மடை திறப்பதற்கு முன்னால் ஒரு சாக்கு உப்பு மலைக்குப் போகும். மலையில் தேன் உண்டு, கிழங்கு உண்டு, மிளகு உண்டு. உப்பு மட்டும் இல்லை. மணக்குடி உப்பளத்திலிருந்து வந்த உப்பை மூட்டுக்காணியின் முன்னால் இறக்கிவைப்பார்கள். மூட்டுக்காணி என்றால் காணிக்காரர்களுக்குத் தலைவர். அவர் ஒரு உப்புக்கல்லை எடுத்து நாக்கில் வைத்து, "வெள்ளம் இறங்கட்டும்" என்பார். மலையில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பேர். அதற்குப் பிறகுதான் அப்பா மடைப்பலகையில் கை வைப்பார். எங்கள் வீடு மடைக்கு முதல் வீடு. உப்பு கொண்டுபோகும் பொறுப்பு எங்களுடையது.

உப்போடு ஒரு பிள்ளையும் போக வேண்டும். பொய் சொல்லத் தெரியாத வயதுப் பிள்ளை. விளைச்சல் எப்படி, ஊரில் சண்டை உண்டா, காட்டில் யாராவது திருட்டு மரம் வெட்டினார்களா என்றெல்லாம் மூட்டுக்காணி அந்தப் பிள்ளையிடம்தான் கேட்பார். பெரியவர்கள் சொல்வதை மலை நம்பாது. பிள்ளை தன் முந்தியில் ஒரு பிடி உப்பை முடிந்து கொண்டுபோய்த் தன் கையால் கொடுக்க வேண்டும்.

அந்த வருஷம் அந்தப் பிள்ளை நான். அப்பாவுக்கு முதுகுப் பிடிப்பு. அதனால் உப்போடு மாமா போவதென்று ஆயிற்று. மாமா என் அம்மையின் தம்பி. கல்யாணம் ஆகாதவர், எங்கள் வீட்டிலேயே இருந்தார். நன்றாகப் பாடுவார், நன்றாகச் சாப்பிடுவார். வேலை என்று வந்தால் அவருக்கு எங்கேயாவது ஒரு கன்றுக்குட்டியைப் பார்த்து வரப் போக வேண்டியிருக்கும். அம்மை பார்த்த பெண்களை எல்லாம் பல் சரியில்லை, நடை சரியில்லை என்று தட்டிக்கழித்துக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவர் மலைக்குப் போகிறாயா என்று கேட்டதும், வாய் மூடுவதற்குள் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். எனக்கு அப்போதே ஒரு கவலை தட்டியது. ஆனால் எதைப் பற்றி என்று தெரியவில்லை.

இதற்கிடையில் பள்ளிக்கூடத்தில் பூமிசாஸ்திரம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் வாத்தியார் முற்றத்தில் களிமண்ணால் தாலுகாவை அப்படியே செய்துவைத்திருந்தார். வடக்கே மண்ணைக் குவித்து மலை. நடுவே விரலால் கீறிய பழையாறு. தெற்கே ஒரு உடைந்த சட்டி, அது கடல். தினமும் நாங்கள் சுற்றி நின்று பாட வேண்டும்: "பழையாறு மலையில் தோன்றி, பூதப்பாண்டி, தாழக்குடி, ஒழுகினசேரி, சுசீந்திரம் வழியாக ஓடி மணக்குடியில் கடலோடு கலக்கிறது." இந்த வரியை மட்டும் நான் படிக்காமலே இருந்திருந்தால் என் கோடைகாலம் பிழைத்திருக்கும்.

சாயங்காலம் அடிவாரத்தில் எங்களுக்குத் தூரத்து உறவான ஒரு வீட்டில் வண்டியை நிறுத்தினோம். அதற்குமேல் வண்டி போகாது, நடைதான். உப்புச் சாக்கை இறக்குவதற்கு வண்டிக்காரரும் மாமாவும் சேர்ந்து முக்கினார்கள். "யம்மா, நடு ஒடிஞ்சு போச்சு" என்று மாமா வாசலில் அப்படியே படுத்துவிட்டார். அந்த வீட்டில் ஒரு அக்காவும் அவளுடைய அப்பாவும்தான். அப்பா சந்தைக்குப் போனவர் திரும்பியிருக்கவில்லை. அவருடைய வயசான தங்கை ஒருத்தி துணைக்கு இருந்தாள். அவளுக்குக் காது கேட்காது. எவ்வளவு வசதியான துணை என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அந்த அக்கா எனக்குச் சோறு போட்டாள். மாமாவுக்கும் போட்டாள். மாமா இலையைப் பார்க்காமல் சாப்பிட்டார். பல்லைப் பற்றியோ நடையைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை.

காலையில் எழுந்து பார்த்தால் முற்றம் முழுக்கப் பச்சை மாங்காய் குவிந்து கிடந்தது. கோடைக்காற்று அடித்து உதிர்த்தது. அக்கா அதன் பக்கத்தில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"பாருங்க, இத்தறையும் அழுகித்தான் போவும். உப்புல போடலாம்னா வீட்ல ஒரு சிரட்டை உப்புகூட இல்ல. அப்பா வந்து, சந்தைக்குத் திரும்பப் போயி, வாங்கிட்டு வரதுக்குள்ள ஈ மொய்ச்சிரும்."

மாமா மாங்காயைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். மூலையில் இருந்த எங்கள் சாக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, தோப்புல இன்னும் மாங்கா கெடக்கு பாத்தியா? போயிப் பொறுக்கிட்டு வா மக்கா. காம்பு உள்ளத மட்டும் எடுக்கணும், கேட்டியா? பதறாண்டாம். பைய வந்தாப் போதும்."

காம்புள்ள மாங்காயாகத் தேர்ந்தெடுப்பது லேசான காரியம் இல்லை. ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, காம்பு போதுமான நீளம்தானா என்று கவலைப்பட்டு, மடி நிறையக் கொண்டுவந்தேன். அதற்குள் மாமா புறப்படத் தயாராக நின்றார். சாக்கு முன்னைவிடக் கொழுகொழுவென்று இருந்தது. வாயை இறுக்கித் தைத்திருந்தது. மாமா அதை ஒற்றைக்கையால் தூக்கித் தலையில் சும்மாட்டின்மேல் வைத்தார். பாட்டுப் பாடிக்கொண்டே நடந்தார். முந்தின நாள் இரண்டு ஆள் முக்கித் தூக்கியது இது. அந்த வீட்டுச் சோற்றில் அவ்வளவு பலம் இருக்கிறதென்று நான் நினைத்தேன். நானும் இன்னொரு வாய் சாப்பிட்டிருக்கலாம்.

மலைப்பாதையில் ஆறு குறுக்கே வரும் இடம் ஒன்று உண்டு. பழையாற்றில் போய்ச் சேருகிற ஓடை அது. கோடையானதால் தண்ணீர் மாமாவின் முழங்காலுக்குத்தான் இருந்தது. என்னை முதலில் அக்கரையில் விட்டுவிட்டுத் திரும்பிப் போய்ச் சாக்கை எடுத்து வந்தார். நட்டநடு ஆற்றுக்கு வந்ததும், காலுக்கடியில் நல்ல மணல்தான் இருந்தது என்றாலும், மாமா வழுக்கி விழுந்தார். விழுவதற்கு முன்னால் ஒருமுறை என்னைப் பார்த்துக்கொண்டார்.

"போச்சே! ஏட்டி, உப்பு போச்சே!"

சாக்கு வாத்துமாதிரி மிதந்தது. ஒரு சுற்றுச் சுற்றி, கொஞ்ச தூரம் போய், ஒரு பாறையில் முட்டி நின்றது. எங்களுக்காகக் காத்து நிற்பதுபோல் நின்றது.

"மாமா, அங்கின நிக்கி, புடிங்க! புடிங்க!" என்று கத்தினேன். மாமா ஒரு கம்பை எடுத்துக்கொண்டு ஓடினார். இழுக்கப் போனவர் பதற்றத்தில் தள்ளிவிட்டார். சாக்கு பாறையைத் தாண்டி, வளைவில் மறைந்தது.

உப்புச் சாக்கு மிதக்குமா என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. ஆனால் அதற்கும் என்னிடம் படிப்பு இருந்தது. உப்புத் தண்ணீரில் எல்லாம் நன்றாக மிதக்கும், அதனால்தான் கடலில் கப்பல் போகிறது என்று வாத்தியார் சொல்லியிருந்தார். தண்ணீரில் உப்பு இருந்தால் கப்பலே மிதக்கும் என்றால், உப்பே தண்ணீருக்கு வந்தால் மிதக்காதா? எனக்கு அதில் குழப்பம் ஒன்றும் இருக்கவில்லை. அந்த உப்பு இனி எங்கே போகும் என்பதுதான் பெரிய விஷயம். அதுவும் எனக்கு மனப்பாடம். பூதப்பாண்டி, தாழக்குடி, ஒழுகினசேரி, சுசீந்திரம். கரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன்.

மாமா ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே ஆறுதல் சொன்னார். "சவத்த விடு பிள்ளே. மணக்குடி உப்பு மணக்குடிக்கே போவுது. பொறந்த வீட்டுக்குப் போறவளப் பாத்து யாராவது அழுவாளா?"

"போற வழியில வயலு இருக்கே மாமா?"

மாமா பிழிந்த வேட்டியையே இன்னொரு முறை பிழிந்தார்.

காணிக்காரர்கள் குடியிருப்பு ஒரு பெரிய பாறைச் சரிவுக்குமேல் இருந்தது. ஈற்றை மூங்கில் இலை வேய்ந்த வீடுகள். மூட்டுக்காணி மெலிந்த மனிதர். கண் மட்டும் பெரிதாக இருக்கும். அவர் எங்களைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. மாமாவின் தலையைப் பார்த்தார். தலைமேல் ஒன்றும் இல்லை. மாமா விழுந்த கதையைச் சொன்னார். அந்தக் கதையில் ஆறு, நாங்கள் கடந்ததைவிட ஆழமாக இருந்தது. மாமாவை இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது. ஒரு வேரைப் பிடித்துத் தப்பித்தார். எனக்கே கேட்கக் கேட்கப் பயமாக இருந்தது.

மூட்டுக்காணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எங்க ஆறு இதுவரைக்கும் உப்பு தின்னது இல்லையே தம்பி" என்றார். பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டார். முறைப்படி நான் முந்தி முடிச்சை அவிழ்த்து என் பிடி உப்பை அவர் நீட்டிய இலையில் வைத்தேன். ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டார்.

"மக்கா, நீ சொல்லு. சாக்கு முங்கிச்சா, மிதந்துச்சா?"

"மிதந்து போச்சு."

"மிதக்கிற உப்பு." அவர் தலையை ஆட்டினார். "கொள்ளாம், நல்லாருக்கு."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் வேறு வேறு திசையில் திரும்பிக்கொண்டார்கள். ஒரு பெண்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். மாமாவுக்கு இருமல் வந்தது.

"ஆறு உப்பு தின்னுருக்கு. இனி என்ன செய்யும்னு எனக்கே தெரியல," என்றார் மூட்டுக்காணி, முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல். "மக்கா, நாளும் காலம்பற உங்க ஊரு வெள்ளத்த நாக்குல வச்சுப் பாரு. கரிச்சுதுன்னா உங்க அப்பாகிட்ட சொல்லணும்." அப்புறம் மாமாவிடம், "பிள்ள கொண்டுவந்த பிடி உப்புக்குப் பாதிச்சொல் சொல்லியாச்சு. மீதிச்சொல்லு, நீ சாக்கு கொண்டு வரும்போ. இந்தத் தடவை முங்குற உப்பாப் பாத்துக் கொண்டு வா" என்றார்.

திரும்பி இறங்கும்போது மாமா என்னிடம் வக்கீல்போலப் பேசினார். "வீட்ல கேட்டா, குடுத்தாச்சுன்னு சொல்லு, கேட்டியா? நீ முடிச்சுல இருந்தத குடுத்தியா, இல்லியா?"

"குடுத்தேன்."

"அப்போ குடுத்தாச்சுன்னு சொன்னா அது பொய்யா?"

பொய் இல்லைதான். வீட்டில் அப்பா கேட்டார், குடுத்தாச்சு என்றேன். "வெள்ளம் இறங்கட்டும்னு சொன்னாரா?" என்று அப்பா கேட்டதும், நான் வாய் திறப்பதற்குள் மாமா, "சொல்லாம பின்ன?" என்று குறுக்கே விழுந்துவிட்டார். மடை திறப்பதற்குள் எப்படியாவது இன்னொரு சாக்கு கொண்டு போய்விடுவேன் என்று எனக்குச் சத்தியம் செய்திருந்தார். நாளை என்றார். நாளை வந்ததும் நாளன்றைக்கு என்றார். அப்பாவுக்குத் தெரியாமல் இன்னொரு சாக்கு உப்புக்கு அவர் எங்கே போவார்? ஆனால் அடிவாரத்துக்கு மட்டும் அடிக்கடி போய்வந்தார். அங்கே ஒரு கன்றுக்குட்டி விலைக்கு இருந்ததாம்.

நான் என் வேலையைத் தொடங்கினேன். விடிந்ததும் ஆற்றுக்கு ஓடுவேன். ஒரு கை தண்ணீர் எடுத்து நுனிநாக்கில் வைப்பேன். கரிக்காது. இன்னும் வந்து சேரவில்லைபோல என்று பயந்துகொண்டு திரும்புவேன். நேற்றுக் கரிக்கவில்லை என்றால் இன்றைக்குக் கரிப்பதற்கு வாய்ப்பு அதிகம் என்பது என் கணக்கு. எங்கள் எருமையை ஆற்றில் தண்ணீர் குடிக்க விடாமல் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். அது என்னையும் இழுத்துக்கொண்டு போய்க் குடித்தது. குடித்த பிறகு அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எருமை முகத்தில் ஒன்றும் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் களிமண் தாலுகாவைப் பார்க்கும்போதெல்லாம் உப்பு எதுவரை வந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். ஒருநாள் யாரும் இல்லாதபோது, பழையாற்றை எங்கள் ஊருக்கு மேலேயே மண் வைத்து அடைத்து, விரலால் கிழக்கே ஒரு புதுப் பாதை கீறி, அஞ்சுகிராமம் பக்கமாகக் கொண்டுபோய் விட்டேன். அஞ்சுகிராமத்தில் எங்களுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை.

மறுநாள் வாத்தியார் பிரம்போடு தாலுகாவைச் சுற்றி வந்தார். "பழையாறு எப்போட்டி அஞ்சுகிராமத்துக்குக் குடி போச்சு?" நகத்தில் இன்னும் சேறு ஒட்டியிருந்தவள் நான் ஒருத்திதான். அடி வாங்கினேன். ஆனால் அவர் ஆற்றைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டுவைத்திருக்கலாம்.

நான் அழுததைக் கேள்விப்பட்டு மாமாவுக்கு மனசு இளகிவிட்டது. அன்றிலிருந்து அடிவாரத்துக்குப் போய்வரும்போதெல்லாம் இலையில் பொதிந்து ஒரு உப்புமாங்காய் கொண்டுவந்து எனக்கு மட்டும் ரகசியமாகத் தருவார். அதைப்போல ஒரு உப்புமாங்காயை நான் பிறகு தின்றதில்லை. தோல் சுருங்கி, உள்ளே உப்பு ஊறி, கொட்டைவரைக்கும் ருசி. உலகம் அழியப்போகும் நேரத்தில் இதைத் தின்றுகொண்டிருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டே தின்பேன்.

மடை திறக்கும் நாள் வந்துவிட்டது. மாமாவின் நாளை வரவில்லை. மீதிச்சொல்லும் வரவில்லை. உப்புக் கரிக்கப்போகிற எங்கள் மடையில் ஊர் முழுக்க மண்வெட்டியோடு கூடி நின்றது. அப்பா தேங்காய் உடைத்தார், பலகையைத் தூக்கினார், தண்ணீர் பாய்ந்தது. எல்லாரும் குலவையிட்டார்கள். நான் மட்டும் வாய்க்கால் ஓரத்தில் மாமா தந்த மாங்காய்க் கொட்டையைச் சூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் காலையில் தண்ணீரைச் சோதிக்கவில்லை என்பது நினைவு வந்தது. அப்படியே குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்தேன்.

கரித்தது.

"கரிக்கி! அப்பா, தண்ணி கரிக்கி! பலகையப் போடுங்க!"

நான் போட்ட கூச்சலில் முதலில் அப்பா குனிந்து ஒரு கை எடுத்துக் குடித்துப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்தவர். பிறகு எல்லாரும். வாய்க்கால் நெடுக ஊர் ஆண்பிள்ளைகள் எல்லாம் மாடுமாதிரி வரிசையாகக் குனிந்து நின்று தண்ணீரை நக்கினார்கள்.

"லேசாக் கரிக்கத்தான் செய்யி" என்றார் ஒருவர்.

"கரிப்பு இல்ல வேய், துவர்ப்பு."

"ஓமக்குக் காலையில போட்ட வெத்தலை துவர்க்கி. வாயக் கொப்புளிச்சிட்டுக் குடியும்."

அப்பா என் முன்னால் வந்து நின்றார். எனக்கு இனி தாங்க முடியவில்லை. உப்பு ஆற்றில் போனதையும், பாதிச்சொல் மலையிலேயே நிற்பதையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

அப்பாவின் முகம் கறுத்தது. "மலைக்குச் சொல்லாம மடை தொறந்தாச்சா?" என்று கேட்டார். பலகை உடனே கீழே இறங்கியது. அப்பாவுக்குப் பயம் வந்து நான் பார்த்தது அன்றுதான். அவர் கொடுத்த சொல் அது. அவருக்கு முன்னால் அவருடைய அப்பா கொடுத்த சொல்.

பிறகு என்னிடம், "சாக்கு முங்கிச்சா?" என்றார். எல்லாருக்கும் என்ன இதே கேள்வி என்று நினைத்துக்கொண்டேன்.

"இல்ல, மிதந்து போச்சு. பாறையில முட்டி நின்னுச்சு. மாமா கம்பால தள்ளி விட்டாரு."

மண்வெட்டிக்காரர்களில் ஒருவருக்குப் புரையேறியது. அப்பா என் கையைப் பிடித்து மோந்து பார்த்தார்.

"இது எங்க உள்ள மாங்கா?"

"மாமா தந்தது."

"அவனுக்கு யாரு தந்தா?"

"அடிவாரத்து அக்கா."

மாமா ஆற்றையே இதுவரை பார்த்திராதவர்போல் வாய்க்கால் தண்ணீரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பிறகு கரைமுழுக்கச் சிரிப்பு. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "ஏலே, ஒரு சாக்கு உப்பையா கொண்டு குடுத்தே? ஒரு பக்காப்படி, ரெண்டு பக்காப்படி குடுத்தாப் போதாதா?" என்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டே, "மாங்கா நெறைய கெடந்துது அத்தான்" என்றார்.

நான் இதையெல்லாம் கேட்டேன். ஒன்றும் விளங்கவில்லை. மாமாவுக்குத் தண்டனை உறுதி என்பது மட்டும் விளங்கியது.

அடுத்த நாள் விடியும் முன்னே வண்டி புறப்பட்டது. இரண்டு சாக்கு உப்பு. அப்பா, மாமா, நான், கூடவே அம்மை. அம்மை ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு புதுச்சேலை எல்லாம் வைத்து மூடி எடுத்திருந்தாள். அபராதம் உப்போடு நிற்காது என்று தெரிந்துகொண்டேன். அம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். நடுநடுவே சிரித்தாள். தம்பிக்கு இப்படி ஆகிவிட்டதே என்று புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஓடையைத் தாண்டும்போது ஒரு சாக்கு அப்பா ஏற்பாடு செய்த ஆள் தலையில். இன்னொன்று மாமா தலையில். இந்தத் தடவை மாமா பாடவில்லை. முக்கினார், முனகினார், ஒரு இடத்திலும் வழுக்கவில்லை. மூட்டுக்காணியின் முன்னால் போட்டபோது தொப்பென்று சத்தம் கேட்டது. மூட்டுக்காணி அந்தச் சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டு, "இது முங்கும்" என்றார். அப்பா கையைக் கூப்பி, தெரியாமல் மடை திறந்துவிட்டதைச் சொன்னார்.

மூட்டுக்காணி என்னைக் கூப்பிட்டார். "வெள்ளம் கரிச்சுதா மக்கா?"

"ஒரே ஒரு நாள்" என்றேன்.

அவர் ஒரு கல் உப்பை நாக்கில் வைத்து, மலையைப் பார்த்து, மீதிச்சொல்லைச் சொன்னார். வெள்ளம் இறங்கட்டும். அப்பா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. எங்களோடு திரும்பி வர மூங்கில் குழாயில் தேன் கொடுத்தார்கள். முன்பு வாயைப் பொத்திக்கொண்டு ஓடிய பெண்பிள்ளைதான் கொண்டுவந்து தந்தாள். "அன்னிக்கு உங்களுக்கு முன்னாலயே நான் அடிவாரத்து வீட்டுக்குப் போயி, சாக்கு தைக்கிறதப் பாத்துட்டு, ரெண்டு மாங்கா வாங்கிட்டு மல ஏறிட்டேன்" என்று மாமாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு மறுபடியும் ஓடினாள். அந்தப் பேச்சும் எனக்குச் சம்பந்தம் இல்லாத பேச்சாகவே பட்டது.

இறங்கும் வழியில் அடிவாரத்து வீட்டில் பெரியவர்கள் எல்லாரும் உள்ளே உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். என்னை வெளியே விட்டுவிட்டார்கள். சமையற்கட்டுச் சுவர் ஓரத்தில் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பீங்கான் பரணிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் வாய்வரைக்கும் உப்புமாங்காய். நான் அவற்றின் நிழலில் உட்கார்ந்து, ஒன்றை எடுத்துத் தின்றுகொண்டு, ஆற்றில் போன எங்கள் உப்பு இந்நேரம் சுசீந்திரத்தைத் தாண்டியிருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆவணியில் மாமாவுக்கும் அந்த அக்காவுக்கும் கல்யாணம் நடந்தது. பயிர் நன்றாக வந்திருந்தது. ஓரிடத்திலும் கரிக்கவில்லை. அடுத்த வருஷம் எனக்குத் தம்பி பிறந்தான். தொட்டில் ஆட்ட ஆள் வேண்டியிருந்தது. என் பூமிசாஸ்திரம் பழையாற்றோடு நின்றுவிட்டது. மலைகளைப் பற்றிய பாடம் அடுத்த வகுப்பில் இருந்தது.

கல்யாணத்துக்கு மறுநாள் பந்தியில் புதுப்பெண்ணுக்குப் பக்கத்து இலையில் என்னை உட்கார வைத்தார்கள். அவளைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது. மாமா தொலைத்தது எங்கள் ஊர் உப்பு. அதற்கு இவள் வீட்டையும் அப்பாவையும் மாமரங்களையும் விட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது. நியாயமே இல்லை.

"எங்க மாமா உப்பத் தொலைச்சதுக்கு உங்களப் புடிச்சுக் கட்டி வச்சிட்டாங்களே" என்று மெதுவாகச் சொன்னேன்.

அவள் குனிந்துகொண்டாள், தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஐயோ, அழவைத்துவிட்டோமே என்று நினைத்துக்கொண்டேன். முந்தியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் ஒத்துக்கிட்டுதான் வந்தேன் மக்கா" என்றாள்.

இவ்வளவு பெரிய மனசு யாருக்கு வரும்? எனக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. பந்தியில் அப்போதுதான் இலை ஓரத்தில் உப்பு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். என் இலையில் இருந்த உப்பு முழுவதையும் வழித்து எடுத்து, ஒரு கல் சிந்தாமல், அவள் இலையில் கொண்டு வைத்தேன்.